ஃபைல் மேனேஜர் தகராறு செய்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிகளும், கவனிக்க வேண்டிய ஆபத்துகளும்

ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஃபைல் காணாமல் போனாலோ, காப்பி ஆகாமல் பாதியில் நின்றாலோ, பெரும்பாலானவர்கள் உடனே பிளே ஸ்டோரைத் திறந்து "ஃபைல் மேனேஜர்" என்று தேடுகிறார்கள். மேலே வருகிற ஒன்றை இறக்குகிறார்கள். அது கேட்கிற அனுமதிகளையெல்லாம் கொடுக்கிறார்கள். பழைய பிரச்சினை தீர்ந்ததோ இல்லையோ, வீட்டின் சாவிக்கொத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தாயிற்று.

கீழே உள்ள கோளாறுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் போனோடு வந்த ஃபைல் மேனேஜரை வைத்தே சரிசெய்யலாம். சாம்சங்கில் அது மை ஃபைல்ஸ். பல போன்களில் ஃபைல்ஸ் பை கூகுள். ஷாவ்மி, ரெட்மி போன்களில் அந்த நிறுவனமே கொடுக்கும் ஒன்று. ஆகவே முதலில் இதைப் படியுங்கள், புதிய செயலியைப் பிறகு யோசிக்கலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் சாதாரணச் செயலிகள் உங்கள் மெமரி முழுவதையும் துழாவ முடியாது. அதற்கு "ஆல் ஃபைல்ஸ் ஆக்சஸ்" என்ற தனி அனுமதி வேண்டும். கூகுளும் அதை எல்லோருக்கும் விடுவதில்லை. ஃபைல் மேனேஜர், பேக்கப், ஆன்டிவைரஸ் போன்ற சில வகைகளுக்குத்தான் பிளே ஸ்டோரில் அனுமதிக்கிறது. போனுக்குள் புக நினைப்பவர்கள் ஃபைல் மேனேஜர் வேஷம் போடுவதற்குக் காரணமும் அதுதான். அந்த வேஷத்தில் வந்தால் எல்லா ஃபைலையும் கேட்பதும் இயல்பாகத் தெரியும், வேறு செயலிகளை இன்ஸ்டால் செய்ய அனுமதி கேட்பதும் இயல்பாகத் தெரியும்.

இந்த அனுமதி கிடைத்தாலும் வங்கிச் செயலியின் உள் தகவலை ஃபைல் மேனேஜரால் படிக்க முடியாது, அது தனியே பூட்டியிருக்கும். ஆனால் டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் ஆதார் பிடிஎஃப், பாஸ்புக்கை எடுத்த போட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், சம்பளச் சீட்டு எல்லாம் அதன் கண்ணில் படும். ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போட்டோவோ ஃபைலோ திடீரென்று காணோம்

அழிந்துவிட்டதா, கண்ணுக்குத் தெரியவில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கேலரி காட்டவில்லை என்பதால் போட்டோ போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஃபைல் மேனேஜரில் இன்டர்னல் ஸ்டோரேஜுக்குள் போய், டிசிஐஎம் ஃபோல்டருக்குள் கேமராவையும், வெளியே பிக்சர்ஸ், டவுன்லோட் ஆகியவற்றையும் பாருங்கள். வாட்ஸ்அப் படங்கள் முன்பு மெமரியின் முதல் மட்டத்திலேயே இருந்தன. இப்போது "ஆண்ட்ராய்டு", அதற்குள் "மீடியா", அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர் என்று உள்ளே தள்ளிப் போய்விட்டன. பழைய இடத்தில் தேடிவிட்டுப் பதறுகிறவர்கள் நிறைய.

ஃபைல் மேனேஜரில் இருக்கிறது, கேலரியில் மட்டும் இல்லை என்றால், அந்த ஃபோல்டரில் "நோமீடியா" என்ற பெயரில் ஒரு காலி ஃபைல் இருக்கக்கூடும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது சாதாரணமாகத் தெரியாது. மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஹிட்டன் ஃபைல்ஸ்" போட்டால் தெரியும். அந்த ஃபைல் கிடக்கும் ஃபோல்டரைக் கேலரி எட்டிப் பார்க்காது. அதை அழித்துவிட்டுப் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், படங்கள் திரும்பி வரும். வாட்ஸ்அப் படங்கள் என்றால் அதன் செட்டிங்ஸில் "மீடியா விசிபிலிட்டி" அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபைல் மேனேஜரிலும் இல்லை என்றால் குப்பைத்தொட்டி. ஃபைல்ஸ் பை கூகுளிலும் சாம்சங் மை ஃபைல்ஸிலும் அழித்தவை 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் அங்கே 60 நாள். மூன்று இடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றின் தொட்டி இன்னொன்றில் தெரியாமல் போகலாம்.

அங்கேயும் இல்லையா? இங்கேதான் நிதானம் வேண்டும். "அழிந்த போட்டோவை மீட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் செயலிகளை இறக்காதீர்கள். இன்றைய போன்களின் உள் மெமரி என்க்ரிப்ட் ஆனது, அதாவது சங்கேதமாக மாற்றிப் பூட்டியது. ரூட் செய்யாத, அதாவது தயாரிப்பாளரின் பூட்டை உடைத்து முழுக் கட்டுப்பாடும் எடுக்காத போனில் இப்படிப்பட்ட செயலிக்கு எட்டுவதெல்லாம் மிஞ்சிக் கிடக்கும் சிறு முன்னோட்டப் படங்களும், ஏற்கெனவே தொட்டியில் இருப்பவையும்தான். 2023 ஜூலையில் பிராடியோ என்ற பாதுகாப்பு நிறுவனம் பிளே ஸ்டோரிலேயே இரண்டு உளவுச் செயலிகளைப் பிடித்தது. ஒன்றின் பெயர் "ஃபைல் ரெக்கவரி அண்ட் டேட்டா ரெக்கவரி", இன்னொன்று வெறும் "ஃபைல் மேனேஜர்". இரண்டும் சேர்ந்து 15 லட்சம் முறை இறக்கப்பட்டவை. தொடர்பு எண்கள், படங்கள், இருப்பிடம் ஆகியவற்றைச் சீனாவில் உள்ள சர்வர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. எந்தத் தகவலையும் சேகரிப்பதில்லை என்று பிளே ஸ்டோர் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தன. குழந்தையின் படம் போய்விட்டதே என்ற தவிப்பில் இருப்பவர் எதற்கும் "அலவ்" கொடுப்பார் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எஸ்டி கார்டில் இருந்த ஃபைல் என்றால் நம்பிக்கை உண்டு. அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் உடனே வெளியே எடுங்கள். கணினியில் கார்டு ரீடர் போட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடுங்கள். மீட்பதைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம்.

"ஆண்ட்ராய்டு" ஃபோல்டருக்குள் "டேட்டா" காலியாக இருக்கிறது

கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் மற்ற செயலிகளின் டேட்டா ஃபோல்டரைப் பொதுவாக ஃபைல் மேனேஜர்களுக்குக் காட்டுவதில்லை. "ஆல் ஃபைல்ஸ் ஆக்சஸ்" கொடுத்தாலும் காட்டாது. கொஞ்ச காலம் சில செயலிகள் சுற்றுவழியில் உள்ளே போயின, பிந்தைய பதிப்புகளில் அந்தச் சந்துகளும் அடைபட்டன. கேம் ஃபைல் மாற்றவோ, ஏதோ ஒரு செயலி இறக்கி வைத்த வீடியோவை எடுக்கவோ வேண்டுமென்றால் போனைக் கேபிளில் கணினியோடு இணைத்துப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் அந்த வழியில் தெரியும். இந்தப் பூட்டைத் திறக்க ரூட் செய்யச் சொல்லும், டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஒரு கேமுக்காக வங்கிச் செயலி இருக்கும் போனில் அதைச் செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் அதன் டேட்டா ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். ரெக்கார்டர், ஸ்கேனர், எடிட்டர் மாதிரியான செயலிகளை நீக்கும் முன் உள்ளே இருப்பதை "எக்ஸ்போர்ட்" கொடுத்து வெளியே எடுத்துவிடுங்கள்.

காப்பி பாதியில் நிற்கிறது, அல்லது தொடங்கவே மாட்டேன் என்கிறது

இதற்குக் காரணம் பல. எளிதானதிலிருந்து வருவோம்.

ஒரே ஒரு பெரிய வீடியோ மட்டும் போகவில்லை, மற்றதெல்லாம் போகிறது என்றால் அந்த ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். 32 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ள கார்டுகள், பழைய பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் வருகின்றன. அதில் தனி ஃபைல் ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கார்டில் 20 ஜிபி காலி இருந்தாலும் கல்யாண வீடியோ ஏறாது. கார்டில் இருப்பதைக் கணினியில் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் சரியாகும். அதே கார்டைப் பழைய டிவியிலோ கார் ஸ்டீரியோவிலோ போடுகிறீர்கள் என்றால் அவை எக்ஸ்ஃபேட்டைப் படிக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட சில ஃபைல்கள் மட்டும் பிடிவாதம் பிடித்தால் பெயரைப் பாருங்கள். கார்டு, பென்டிரைவ் இவற்றில் ? : * " < > | ஆகிய குறிகள் பெயரில் வரக்கூடாது. "10:30" என்று நேரத்தைப் பெயராக வைத்த குரல் பதிவு இப்படித்தான் சிக்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. போனின் உள் மெமரியில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் "ம" 3 பைட். "தி" என்பது த-வும் இகரக் குறியும் சேர்ந்தது, ஆகவே 6 பைட். "ழ்" புள்ளியோடு 6 பைட். "திருமண_அழைப்பிதழ்" என்ற சின்னப் பெயரே 49 பைட் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஐம்பது, அறுபது எழுத்துக்குள் வரம்பு முடிந்துவிடும். விண்டோஸ் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை, அங்கே நீளமான தமிழ்த் தலைப்பு அப்படியே நிற்கும். அதைப் போனுக்கு அனுப்பும்போதுதான் தோற்கும். வருகிற அறிவிப்பும் "காப்பி செய்ய முடியவில்லை" என்ற அளவில் நின்றுவிடும், காரணம் சொல்லாது. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் ஃபைல் பெயராக வைக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது அடிக்கடி நேரும். கணினியிலேயே பெயரைக் குறைத்துவிட்டு அனுப்புங்கள். ஜிப் ஃபைலுக்குள் இப்படி ஒரு நீளப் பெயர் இருந்தாலும் பிரிக்கும்போது அந்த ஒன்று மட்டும் விட்டுப்போகும், ஆகவே எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

ஜிப்பைப் பிரித்தபின் தமிழ்ப் பெயர்கள் கோடும் கட்டமுமாக வந்தால், பெயர்கள் யூனிகோடு என்று குறிக்கப்படாமல் ஜிப் செய்யப்பட்டிருக்கின்றன என்று பொருள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அனுப்பியவரை 7-ஜிப்பில் மறுபடி கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

பெரிய காப்பி ஓடும்போது திரை அணைந்ததும் நின்றுவிடுகிறது என்றால் பேட்டரி சேமிப்புதான் செயலியைக் கொல்கிறது. அந்த ஃபைல் மேனேஜரின் பேட்டரி அமைப்பில் "அன்ரெஸ்ட்ரிக்டட்" கொடுங்கள், அல்லது முடியும்வரை திரையை அணைய விடாதீர்கள்.

அப்புறம் ஒரு பழக்கம். மெமரியிலிருந்து கார்டுக்கு மாற்றும்போது "மூவ்" கொடுக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு இடையே "மூவ்" என்றால், உள்ளே நடப்பது காப்பி செய்துவிட்டு மூலத்தை அழிப்பதுதான். நடுவில் கார்டு தளர்ந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ இரு பக்கமும் இழப்பு வரலாம். காப்பி செய்யுங்கள், இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள், மொத்த அளவை ஒப்பிடுங்கள், அதன் பிறகு அழியுங்கள்.

எஸ்டி கார்டு, பென்டிரைவ் தெரியவில்லை

பென்டிரைவைப் போனில் செருகினால் எதுவும் நடக்கவில்லையா? ஓப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் பல மாடல்களுக்கு செட்டிங்ஸில் "ஓடிஜி" என்று தனி சுவிட்ச் உண்டு. சில நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்தும்விடும். அதைப் போட்டும் வரவில்லை என்றால் பென்டிரைவ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறையில் இருக்கலாம், பல போன்கள் அதைப் படிக்காது.

எஸ்டி கார்டில் படிக்க முடிகிறது, எழுதவோ அழிக்கவோ முடியவில்லை என்றால், ஃபைல் மேனேஜர் முதல் முறை கேட்ட கார்டு அனுமதி தவறிப்போயிருக்கும். மறுபடி எழுத முயலுங்கள். ஆண்ட்ராய்டு 10, அதற்கு முந்தைய போன்களில், திறக்கும் திரையில் கார்டின் முதல் மட்டத்தைத் தேர்ந்தெடுத்து "யூஸ் திஸ் ஃபோல்டர்" கொடுங்கள், அதற்குப் பிந்தையவற்றில் "ஆல் ஃபைல்ஸ் ஆக்சஸ்" கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தத் திரையில் உள்ளே ஏதாவது ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் அது மட்டும்தான் திறக்கும்.

பழைய போனிலிருந்து எடுத்த கார்டை வேறு எதிலும் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யச் சொல்கிறது என்றால் ஃபார்மேட் கொடுக்காதீர்கள். பழைய போனில் அதை "இன்டர்னல் ஸ்டோரேஜ்" ஆகச் சேர்த்திருக்கலாம். ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கும் வசதி இது. அப்படிச் சேர்த்த கார்டு அந்தப் போனோடு மட்டுமே பேசும், ஏனென்றால் திறவுகோல் அந்தப் போனில் இருக்கிறது. பழைய போன் உயிரோடு இருக்கும்போதே அதில் திரும்பப் போட்டு ஃபைல்களை எடுத்துவிடுங்கள்.

கார்டில் ஏற்றிய படங்கள் முதலில் நன்றாக இருந்து, கார்டு நிறைய நிறையப் பாழாகின்றன என்றால் போலிக் கார்டு என்று சந்தேகியுங்கள். சின்னக் கொள்ளளவை 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் எழுதுவதெல்லாம் எங்கும் நிற்பதில்லை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் முழுவதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். விலை சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், வாங்கிய அன்றே சோதியுங்கள்.

ஃபைல் திறக்கவில்லை

அரசு இணையதளத்திலிருந்து இறக்கிய சான்றிதழ் பிடிஎஃப் திறக்காவிட்டால், ஃபைல் மேனேஜரின் "ஓப்பன் வித்" மூலம் டெக்ஸ்ட் வியூவரில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் முதலில் ஒரு சதவீதக் குறி, அடுத்து பி, டி, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்து நிற்கும். அதற்குப் பதில் ஹெச்டிஎம்எல் என்று தொடங்கினால், லாகின் காலாவதியாகி, சான்றிதழுக்குப் பதில் இணையப் பக்கம்தான் பிடிஎஃப் பெயரில் இறங்கியிருக்கிறது. மறுபடி லாகின் செய்து இறக்குங்கள். வேறு எந்த ரீடரை இன்ஸ்டால் செய்தாலும் அது திறக்காது.

பி, கே என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கினால் ஜிப் குடும்பம். வேர்டு, எக்செல் ஃபைல்களும் அப்படித்தான் தொடங்கும். ஆண்ட்ராய்டு செயலியை இன்ஸ்டால் செய்யும் ஃபைலான ஏபிகேயும் அப்படித்தான் தொடங்கும்.

நம் ஊரில் இன்று இந்த ஏபிகே வழியில் நிறையப் பணம் போகிறது என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் எண்ணிலிருந்தே ஒரு ஃபைல் வருகிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத செலான், விவசாயிகளுக்கான உதவித்தொகைப் படிவம், வங்கி கேஒய்சி என்று ஏதாவது ஒரு பெயர். நீளமான பெயரை நடுவில் சுருக்கிக் காட்டும் ஃபைல் மேனேஜர்களில் கடைசியில் உள்ள "ஏபிகே" கண்ணில் படாது. "பிடிஎஃப்.ஏபிகே" என்று இரட்டை வாலோடும் வரும். ஆகவே செட்டிங்ஸில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் காட்டும் வசதி இருந்தால் போட்டுவைங்கள். சந்தேகமான ஃபைலைத் தொட்டுத் திறக்காமல், அழுத்திப் பிடித்து "டீடெய்ல்ஸ்" பாருங்கள். முழுப் பெயரும் வகையும் அங்கே வரும்.

ஒரு பத்திரிகை உங்களிடம் எதையும் இன்ஸ்டால் செய்யக் கேட்காது. "இந்த இடத்திலிருந்து செயலிகளை இன்ஸ்டால் செய்ய அனுமதிக்கவா" என்ற திரை வந்தால் அதுதான் கடைசி வாசல், பின்னால் திரும்புங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. செட்டிங்ஸில் "ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்", அதில் "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" திறந்து ஃபைல் மேனேஜர், வாட்ஸ்அப், குரோம், டெலிகிராம் எல்லாவற்றுக்கும் இப்போதே அணைத்துவிடுங்கள். அப்பா அம்மா போனில் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைச் செய்வதானால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

கணினியோடு வைஃபையில் இணையவில்லை

பல ஃபைல் மேனேஜர்களில் "அக்சஸ் ஃப்ரம் பிசி" என்று எஃப்டிபி வசதி உண்டு, அது போனின் ஃபைல்களை வைஃபை வழியே கணினிக்குத் திறந்துவிடும். முகவரி அடித்தும் வரவில்லை என்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா பாருங்கள். கெஸ்ட் வைஃபை, ஹாஸ்டல், ஓட்டல் வைஃபை போன்றவற்றில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி ரவுட்டரே தடுத்திருக்கும். போனிலிருந்து விண்டோஸின் பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை என்றால், ஃபைல் மேனேஜர் எஸ்எம்பி1 என்ற பழைய முறையை மட்டும் அறிந்ததாக இருக்கலாம். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அது முன்னிருப்பாக இல்லை. கணினியில் எஸ்எம்பி1-ஐத் திரும்பப் போடச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள். அதே 2017-இல் உலகையே ஆட்டிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் புகுந்த வாசல் அது. எஸ்எம்பி2 தெரிந்த செயலிக்கு மாறுங்கள்.

வேலை முடிந்ததும் எஃப்டிபியை நிறுத்துங்கள். எஃப்டிபியில் என்க்ரிப்ஷன் கிடையாது, பல செயலிகளில் பாஸ்வேர்டு கூட முன்னிருப்பாக இராது. அது ஓடும்வரை அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் ஃபைல்களைத் திறக்கலாம். நோட்டிஃபிகேஷன் பட்டையில் "சர்வர் ரன்னிங்" என்று நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நல்லது.

பயனர் எதையும் போடாமலே சர்வர் ஓடிய கதையும் உண்டு. ஒரு காலத்தில் 10 கோடிக்கும் மேல் இறக்கப்பட்ட ஈஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரை நம்மில் பலர் ஆசையாக வைத்திருந்தோம். 2019 ஜனவரியில் பிரெஞ்சு ஆய்வாளர் பாப்டிஸ்ட் ராபர்ட் அதன் உள்ளே இருந்ததை வெளியிட்டார். செயலியை ஒருமுறை திறந்தாலே 59777 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசலில், ஒரு சர்வர் எழுந்துவிடும். அதே வைஃபையில் இருப்பவர் போனில் உள்ள படங்களையும் வீடியோக்களையும் பட்டியல் எடுக்கலாம், இறக்கலாம், செயலிகளைத் திறக்கவும் செய்யலாம். ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், விளம்பர கிளிக் மோசடிப் புகாரில் அதன் தாய் நிறுவனமான டிஓ குளோபலின் செயலிகளோடு சேர்த்து இதையும் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஈஎஸ்ஸும், போனுக்குப் போன் ஃபைல் அனுப்பும் ஷேர்இட், எக்ஸெண்டர் இரண்டும் இருந்தன. இன்னும் பழைய ஏபிகேயை வைத்து இவற்றை ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பக்கத்துப் போனுக்கு அனுப்ப இப்போது கூகுளின் குவிக் ஷேர் போனிலேயே இருக்கிறது.

மெமரி ஃபுல் என்கிறது, ஃபைல்கள் அவ்வளவு இல்லை

குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள், 30 நாள் குப்பை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், ஆப்ஸ் பட்டியலை அளவு வாரியாகப் பாருங்கள். பெரும்பாலும் வாட்ஸ்அப்பும் ஆஃப்லைன் வீடியோக்களும்தான். "ஜங்க் 3 ஜிபி, உடனே நீக்கு" என்று பயமுறுத்தும் கிளீனர்கள் காட்டுவது பெரும்பாலும் கேஷ் எனப்படும், செயலிகள் தற்காலிகமாகச் சேர்க்கும் தகவல், அது மறுநாளே திரும்ப வந்துவிடும்.

சேஃப் ஃபோல்டர் பின் மறந்துவிட்டது

சேஃப் ஃபோல்டர் என்பது பின் போட்டுப் பூட்டி வைக்கும் ஃபோல்டர். ஃபைல்ஸ் பை கூகுளில் வழி இல்லை. பின் மறந்தால் உள்ளே இருப்பதை மீட்க முடியாது என்று கூகுளே எச்சரிக்கிறது. "கிளியர் டேட்டா" கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். நினைவுக்கு வரும் பின்களைப் பொறுமையாக முயலுங்கள். சேஃப் ஃபோல்டரில் ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள்.

விளம்பரம் பாய்கிறது, பேட்டரி கரைகிறது, செயலியின் ஐகானையே காணோம்

லாக் திரையில் முழு விளம்பரம் வந்தால், வந்த உடனே ரீசன்ட் ஆப்ஸ் பட்டனை அழுத்துங்கள், எந்தச் செயலி என்று பெரும்பாலும் அங்கே தெரியும். தெரியாவிட்டால் "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்" பட்டியலைப் பாருங்கள். ஃபைல் மேனேஜருக்கு அந்த அனுமதி எதற்கு? ஐகான் இல்லை என்பதால் செயலி இல்லை என்று நினைக்காதீர்கள். பிராடியோ பிடித்த செயலிகளும் ஐகானை மறைத்துக்கொள்ளக் கூடியவை. செட்டிங்ஸில் "சீ ஆல் ஆப்ஸ்" பட்டியலில் மட்டும் தெரியும். நீக்க விடாமல் அடம்பிடித்தால் போனை சேஃப் மோடில், அதாவது நீங்கள் இறக்கிய செயலிகள் ஓடாத நிலையில், திறந்து நீக்குங்கள்.

ஃபைல் மேனேஜர் ஒன்று ஸ்டோரேஜ் கேட்கலாம், நோட்டிஃபிகேஷன் கேட்கலாம். எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ், கால் லாக், மைக் கேட்டால் நீக்குங்கள். அக்சஸிபிலிட்டி கேட்டால் அந்த நிமிடமே நீக்குங்கள். திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதில் பட்டன் அழுத்தவும் அதனால் முடியும். 2022 நவம்பரில் பிட்டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்த "எக்ஸ்-ஃபைல் மேனேஜர்" இதற்கு உதாரணம். பிளே ஸ்டோரில் 10,000 முறைக்கு மேல் இறக்கப்பட்டது. உள்ளே வந்தபின் "அப்டேட்" என்ற பெயரில் ஷார்க்பாட் என்ற வங்கித் திருட்டு நிரலை இன்ஸ்டால் செய்யச் சொன்னது. பிளே ஸ்டோரில் வாங்கிய செயலிக்கு அப்டேட்டும் பிளே ஸ்டோரில்தான் வர வேண்டும். செயலிக்குள்ளேயே அப்டேட் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

நல்ல செயலி கைமாறுவதும் உண்டு. விளம்பரமே இல்லாமல் இருந்த சிம்பிள் மொபைல் டூல்ஸ் செயலிகள் 2023 இறுதியில் ஜிப்போஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. யாரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திறந்துவிடப்பட்டிருந்த பழைய நிரலை (திறந்த மூலம்) எடுத்து ஃபாஸிஃபை என்ற பெயரில் வேறு சிலர் தொடர்கிறார்கள். போனோடு வந்தது உண்மையிலேயே போதவில்லை என்றால் நான் சொல்வது ஃபாஸிஃபை ஃபைல் மேனேஜரோ மெட்டீரியல் ஃபைல்ஸோதான். இரண்டும் திறந்த மூலம், விளம்பரம் இல்லாதவை.

போனோடு வந்ததையும் அப்டேட் செய்யாமல் விடக்கூடாது. ஷாவ்மியின் ஃபைல் மேனேஜரில், போனில் இருக்கும் இன்னொரு தீய செயலி அதன் உள் ஃபைல்களை மாற்றி எழுதும்படியான ஓட்டை இருந்ததை 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதற்கு முன்பே திருத்தமும் வந்துவிட்டது, அப்டேட் செய்தவர்களுக்கு மட்டும்.

ஏபிகேயை ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டேன்

வரிசை முக்கியம். முதலில் ஏர்பிளேன் மோடு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வேறு ஒரு போனிலிருந்து வங்கியை அழைத்து யுபிஐ, கார்டு, நெட்பேங்கிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் பதிவாகிறதோ அவ்வளவுக்குப் பணம் நடுவில் முடக்கப்பட வாய்ப்பு அதிகம்.

பிறகு போனுக்கு வாருங்கள். அக்சஸிபிலிட்டியில் அந்தச் செயலியை அணையுங்கள், "டிவைஸ் அட்மின்" பட்டியலில் இருந்தால் அங்கும் அணையுங்கள், அதன்பின் அன்இன்ஸ்டால். முதல் இரண்டைச் செய்யாமல் நீக்க முயன்றால் திரை தானே மூடிக்கொள்ளலாம். நீக்கியபிறகும் அந்தப் போனை நம்ப வேண்டாம். போட்டோக்களையும் ஆவணங்களையும் மட்டும் கணினிக்கு எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஏபிகே எதையும் பேக்கப்பில் சேர்க்காதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" திறந்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். இந்த வகை ஏபிகே பெரும்பாலும் உங்கள் எண்ணிலிருந்தே உங்கள் குரூப்களுக்கும் தன்னை அனுப்பியிருக்கும். போன ஃபைலை "டிலீட் ஃபார் எவ்ரிஒன்" கொடுத்து எடுங்கள், ஒவ்வொரு குரூப்பிலும் "அதைத் திறக்காதீர்கள்" என்று ஒரு குரல் செய்தி போடுங்கள். உங்களுக்கு அதை அனுப்பியவரை வாட்ஸ்அப்பில் அழைக்காமல் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர் போனும் இப்போது அவர் கையில் இல்லாமல் இருக்கலாம்.